கூத்து நூல்களைத் திறந்து விடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கூத்து, நாடகம், நடனம் பற்றி எழுதும் விரிவுரையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். உங்கள் நூல்களை இலவச மின்னூல்களாக, யாரும் படிக்கவும் பகிரவும் இடம் கொடுக்கும் திறந்த உரிமத்தோடு வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் பிள்ளைகள் பலருக்குக் கூத்து வீட்டுச் சொத்து. தகப்பன் மத்தளம் அடிப்பார், மாமன் வடமோடி என்ற கூத்து வகையில் ராசாவாக ஆடியிருப்பார். ஆடுபவர்களுக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டை எழுதிக் கொடுக்கும் 'சட்டம் கொடுப்பதி'லிருந்து அரங்கேற்றம் வரை எல்லாம் கண்டு வளர்ந்தவர்கள். அதைப் பற்றிப் பரீட்சையில் எழுத அவர்களுக்குக் கிடைப்பதோ, யாரோ எப்போதோ தொகுத்த குறிப்பின் போட்டோக்கொப்பி. ராசா அணியும், வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்பின் படம் அதில் வெறும் கறுப்புத் திட்டு. நீங்கள் சில நூறு பிரதிகள் அச்சிடுகிறீர்கள், வெளியீட்டு விழாவோடு பாதி முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கம் வந்து சேருவது அருமை. கைபேசி மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தால் விற்பனை படுத்துவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் கேம்பிரிட்ஜில் 2008 இல் தொடங்கிய ஓப்பன் புக் பப்ளிஷர்ஸ், நூலை இணையத்தில் இலவசமாக வைத்துக்கொண்டே அச்சுப் பிரதியையும் விற்கிறது. தமிழிலும் 1998 இல் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டமும் 2005 இல் ஈழத்து நூல்களைச் சேர்க்கும் 'நூலகம்' இணையத்தளமும் தொண்டர்களின் உழைப்பால் வழி திறந்தன.

பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றினால் மட்டும் போதாது. எங்கள் அச்சகங்களில் எத்தனையோ நூல்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவைப் போர்த்திக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்தக் கோப்பில் 'தாளக்கட்டு' என்று தேடினால் எதுவும் அகப்படாது. பார்வையற்ற பிள்ளையின் கைபேசி அதை வாசித்தும் காட்டாது. மூலக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கும்போதே ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுங்கள். அதோடு ஒலியையும் சேருங்கள். பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளத்தை எழுத்தில் எவ்வளவு கவனமாகப் பதித்தாலும், மத்தளத்தைக் கேளாத பிள்ளைக்கு அது வெறும் எழுத்துக் கோவைதான். மின்னூலில் அந்த இடத்தைத் தொட்டவுடன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அடிப்பது கேட்கலாம். அச்சில் முடியாத காரியம் இது. எனக்கு மிகவும் ஆசையான காரியமும் இதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூத்துப் பிரதியை ஏட்டிலும் கொப்பியிலும் காத்தவர்கள் அண்ணாவிமாரும் ஊராரும். அவர்களைக் கேட்காமல் அதை இணையத்தில் ஏற்றக் கூடாது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. பெயர் சொல்லிப் பயன்படுத்து, வியாபாரத்துக்கு எடுக்காதே என்றெல்லாம் அவற்றில் விதிக்கலாம். அண்ணாவியார் பெயரும் ஊர்ப் பெயரும் முன்பக்கத்திலேயே வரட்டும்.

எங்கே தொடங்குவது என்றால், காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகளிடமிருந்து தொடங்கலாம். அவருடைய 'மதங்க சூளாமணி' 1926 இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களையும் தனஞ்சயன் வடமொழியில் எழுதிய நாடக இலக்கண நூலான தசரூபகத்தையும் தமிழ் வாசகர் முன் வைத்த நூல். இலங்கைச் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரைதான். அடிகள் மறைந்தது 1947 இல். ஆகவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நல்ல ஒருங்குறிப் பாடமாக, அருஞ்சொல் விளக்கத்தோடு அதை முதலில் கொண்டு வாருங்கள். பின்னர் ஒவ்வொருவரும் தன் நூலில் ஒன்றையாவது கொடுங்கள், அச்சில் தீர்ந்துபோனதாக இருந்தாலும் சரி.

மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் வகுப்பு இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளோடு நானும் உட்காருவேன். கோப்பை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
படுவான்கரை நாடக ஆசிரியர் ஒருவர்