மிர்-21: ரத்தப் பரிசோதனைச் செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை (புரதமாக மாறாத, மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு) ரத்தத்தில் அளக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தி, அதைப் ‘புற்றுநோய் மரபணு’ என்கிறது. 17ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் உள்ள இந்த மரபணு எல்லோருக்கும் உண்டு. நோயற்ற செல்களிலும் அது வேலை செய்கிறது.

மற்ற மரபணுக்களின் புரத உற்பத்தியை மட்டுப்படுத்துவதே அந்த வேலை. முதலில் மிர்-21 மரபணு ஆயிரக்கணக்கான எழுத்துகள் (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) கொண்ட இழையாகப் படியெடுக்கப்படும். உட்கருவிலேயே டிரோஷா நொதி அதிலிருந்து எழுபது எழுத்துக்குச் சற்று மேற்பட்ட, கொண்டை ஊசி வடிவத் துண்டை வெட்டி எடுக்கும். உட்கருவுக்கு வெளியே டைசர் நொதி மறுபடி நறுக்க, 22 எழுத்துத் துண்டு ஆர்கோநாட் புரதத்தில் அமரும். அதில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகளுக்குப் பொருந்தும் வரிசை, புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் இருந்தால், புரத உற்பத்தி குறையும், எம்.ஆர்.என்.ஏ.வும் சீக்கிரம் சிதையும். ஆனால் குறையுமே தவிர, பெரும்பாலும் நின்றுவிடாது. மற்ற மரபணுக்களின் ‘ஸ்விட்சை அணைக்கிறது’ என்று தங்கள் செய்தி எழுதியது மிகை.

செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் பிடென், பி.டி.சி.டி.4 ஆகிய மரபணுக்கள் இதன் இலக்குகள். பல புற்றுக்கட்டிகளில் மிர்-21 கூடுதலாக இருப்பது கவனிக்கப்படுவது அதனால்தான். ஆனால் இதயத்திலோ சிறுநீரகத்திலோ நார்த்திசு பெருகும்போதும், அழற்சியின்போதும்கூட அது கூடும். இந்த ஒற்றை எண்ணை வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது.

அந்த எண்ணே சரியா என்பது அடுத்த கேள்வி. செய்தி இதைத் தொடவே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் சேர்த்த டியூபில் எடுத்தால், மரபுப்பொருளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். தடைபடும்; அதே வேலைக்கு இ.டி.டி.ஏ. சேர்த்த டியூப் பொருத்தமானது. செல்களைப் பிரிக்கும் கருவியில் ஒருமுறை மட்டும் சுழற்றிய பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதி) தட்டணுக்கள் மிஞ்சும். அப்படியே உறைய வைத்தால், உருகும்போது அவை உடைந்து தம்மிடமுள்ள மிர்-21ஐக் கொட்டும். கூடுதல் வேகத்தில் இரண்டாம் முறை சுழற்றிய பிறகே உறைய வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது சிவப்பணு உடைவது. பல ஆய்வகங்கள் மிர்-16 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஒப்பீட்டு அளவாக வைத்துக் கணக்கிடுகின்றன. அதுவோ சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பது! மாதிரியில் சிவப்பணு உடைந்து மிர்-16 இரண்டு பி.சி.ஆர். சுழற்சி முன்னதாகத் தென்பட்டால், ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிப்பாவதால், அதன் அளவு நான்கு மடங்கு என்று பொருள். மிர்-21 மாறாமலே இருந்தாலும், கணக்கில் நான்கில் ஒரு பங்காகிவிடும். கண்ணுக்கு பிளாஸ்மா இளஞ்சிவப்பாகத் தெரியாத மாதிரியிலும் இது நேரும். எனவே சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏ, உடைந்தால் கூடும் மிர்-451ஏ இரண்டையும் சேர்த்து அளந்து, முதலாவதன் சி.டி. எண்ணிலிருந்து (எத்தனையாவது பி.சி.ஆர். சுழற்சியில் தென்பட்டது என்பது) இரண்டாவதன் எண்ணைக் கழித்துப் பார்ப்பது வழக்கம். விடை 7க்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒதுக்குவதே நல்லது.

பிளாஸ்மாவிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பை அறிய, மனிதரில் இல்லாத புழு மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றை அளந்து சேர்ப்பார்கள். புரதங்களைச் செயலிழக்கச் செய்யும் கரைசல் கலந்த பிறகே சேர்க்க வேண்டும். வெறும் பிளாஸ்மாவில் விட்டால் அங்குள்ள நொதிகள் உடனே சிதைத்துவிடும். சிவப்பணு உடைந்ததை இது காட்டிக்கொடுக்காது.

இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது எந்த டியூப், பிளாஸ்மாவை எத்தனை முறை சுழற்றினார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் ஆய்வாளர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மூலக்கூறு ஆய்வகப் பணியாளர்கள் சிலர்