லைப்ரரிகளைப் பராமரிக்க நேரம் ஒதுக்குங்கள்: மென்பொருள் திட்ட மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர்களுக்கு,

வணக்கம். பிறர் எழுதிய லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, திட்டத்தில் சேர்க்க ஒரு கட்டளை போதும். ஆனால் அப்படிச் சேர்த்தவற்றைப் பராமரிப்பதற்கென்று உங்கள் கால அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. அந்த நேரத்தைக் கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

2021 டிசம்பரில், மென்பொருளில் நடப்பவற்றைப் பதிவுசெய்யும் லாக்ஃபோர்ஜே (Log4j) என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்புக் குறை வெளியானது. பதிவில் எழுதப்படும் ஒரு வரியைக் கொண்டே சர்வரில் அந்நிய நிரலை ஓடவிடலாம் என்பதால், அதன் தீவிரம் 10க்கு 10 என மதிப்பிடப்பட்டது. அது நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டபோது, நான் அப்போது இருந்த குழுவில் ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. நாங்கள் சேர்த்த லைப்ரரிகளைப் பட்டியலிடும் மேவன் கோப்பில் அதன் பெயரே இல்லை. எந்த லைப்ரரி எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் சார்பு மரத்தை விரித்துப் பார்த்த பிறகுதான், அறிக்கை தயாரிக்க எப்போதோ சேர்த்த ஒரு லைப்ரரி இழுத்து வந்த மற்றொன்றின் அடியில், மூன்றாம் அடுக்கில் அது கிடப்பது தெரிந்தது. சேர்த்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மாற்ற வேண்டியது ஒரே வரி என்றாலும், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத அந்தப் பகுதியை மீண்டும் பில்ட் செய்து (நிரலை இயங்கும் வடிவில் தொகுத்து) சோதிக்க இரண்டு இரவுகள் ஆயின. திருத்தமாக வந்த 2.15.0 பதிப்பைச் சோதித்து முடிப்பதற்குள் 2.16.0 வந்தது, சில நாட்களில் 2.17.0 வந்தது.

புதுப்பிப்பைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் புத்தம் புதிய 5.6.0, 5.6.1 பதிப்புகளிலேயே பின்வாசல், அதாவது அந்நியர் நுழைவதற்கான ரகசிய வழி, வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் துருவிய ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். பழையதிலேயே தங்குவதும் ஆபத்து, வந்தவுடன் ஏற்றுக்கொள்வதும் ஆபத்து என்னும்போது, மாற்றக் குறிப்புகளைப் படித்து முடிவெடுக்க ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு நேரமும் வேண்டும்.

ஒவ்வொரு லைப்ரரியின் துல்லியமான பதிப்பைக் குறித்துவைக்கும் லாக் கோப்பை (lock file) நிரல் களஞ்சியத்தில் சேர்க்காத திட்டங்களை இன்றும் காண்கிறேன். பதிப்பு எண்ணுக்கு முன்னால் உள்ள சிறு கூரைக்குறி (^) அதைவிடப் புதிய பதிப்பையும் அனுமதிப்பதால், நேற்று ஓடிய நிரலை இன்று வேறு பதிப்போடு பில்ட் செய்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை நிறுவும் என்பிஎம் கருவியைப் பயன்படுத்தினால், பில்ட் சர்வரில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளைக்குப் பதிலாக ‘என்பிஎம் சிஐ’ கட்டளை ஓடட்டும். லாக் கோப்பில் உள்ள பதிப்புகள் மட்டுமே அப்போது இறங்கும். 2016இல் லெஃப்ட்பேட் என்ற 11 வரி லைப்ரரி திரும்பப் பெறப்பட்டதும் உலகெங்கும் பில்டுகள் நின்றன. அவ்வளவு சிறியதை நாமே எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (குறுகிய வேலைச் சுற்றிலும்) அரை நாளை இப்பணிக்கென ஒதுக்குங்கள். நேரடியாகச் சேர்க்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவர் விலகும்போது அப்பொறுப்பைக் கைமாற்றச் செய்யுங்கள். அடுத்த ஸ்பிரிண்ட் திட்டமிடலிலேயே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்