ஆத்தாவின் கப்பல் பயணமும் திரும்பாத முன்பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இது 2022 பிப்ரவரிக் கடைசி. வெளிநாட்டுக் கப்பல் சுற்றுலாவுக்கு 'இப்போதே பதிவு செய்யுங்கள், சலுகை உண்டு' என்ற விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கங்களில் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. அப்படி ஒரு பதிவைச் செய்துவிட்டு இரண்டு வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்களுடையது. பணம் கட்டப்போகிறவர்கள் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பள்ளத்தூர்க்காரி. 32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 87 வயது நடக்கிறது. ஆத்தாவின் அப்பாவான ஐயா மலேயாவின் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (முகவருக்கு அடுத்த நிலை ஊழியராக) இருந்தார்கள். கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போகிறவர்கள் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போவது அப்போது அபூர்வம், ஐயா கூட்டிப்போனார்கள். ஆத்தா 1940-ல் 5 வயதில் கப்பலேறிப் போய், யுத்தத்தையும் அங்கேயே பார்த்துவிட்டு, 1946-ல் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர். அதன் பிறகு கடல் தாண்டவே இல்லை.

2019 தீபாவளிக்கு வந்த என் மகன் ஆத்தாவிடம், "ஆயா, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டான். ஆத்தா யோசிக்கவே இல்லை. "பினாங்குத் துறைமுகத்தைக் கப்பல் மேல நின்னு ஒருக்காப் பாக்கணும்" என்றார். விமானத்தில் போனால் சில மணி நேரம்தான் என்று அவன் சொல்லிப் பார்த்தான். கப்பலில் போய்ப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஊர் மெள்ள மெள்ளக் கிட்ட வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்குக் கூட்டிப்போனேன். இத்தனை வருஷம் அம்மியும் ஆட்டுக்கல்லும் புளியும் உப்பும் புழங்கிய விரல்கள். ரேகை பதியவே இல்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தன் கையால் அழுத்தி, ஆறு ஏழு தடவை முயன்று பதிந்தார். பாஸ்போர்ட் வந்த அன்று ஆத்தா அதை அப்பச்சியின் (என் அப்பாவின்) டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டியின் மூடியில் 1958-ல் அப்பச்சி 'ரஜூலா' கப்பலில் போனபோது ஒட்டிய சீட்டு, பாதி உரிந்து, இன்னும் இருக்கிறது.

2020 ஜனவரியில் ஆத்தா, நான், என் வீட்டுக்காரர், என் தங்கை என நாலு பேருக்குப் பதிவு செய்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய், சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். நாலு இரவு. ஏப்ரல் மூன்றாவது வாரம். கப்பலுக்கு 2,86,000 ரூபாய், திருச்சியிலிருந்து விமானத்துக்குத் தனியாக 58,400 ரூபாய். மொத்தமும் என் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து போனது.

அடுத்த மாதமே ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குக் கொரோனாத் தொற்று. மார்ச் முதல் வாரத்தில் இன்னொரு செய்தி என்னை உட்கார வைத்துவிட்டது. கோஸ்டா ஃபார்ச்சூனா என்ற கப்பலைப் புக்கெட்டில் விடவில்லை. மறுநாள் பினாங்கிலும் விடவில்லை. கடைசியில் சிங்கப்பூர்தான் ஏற்றுக்கொண்டது. நாங்கள் போகவிருந்த அதே மூன்று துறைமுகங்கள். மார்ச் 23 முதல் நம் நாட்டின் வழக்கமான சர்வதேச விமானங்களும் நின்றன. இதை எழுதும் 2022 பிப்ரவரி கடைசி வரை அவை திறக்கவில்லை. இரு நாடுகள் தமக்குள் பேசி அனுமதிக்கும் 'ஏர் பபுள்' ஒப்பந்த விமானங்கள்தான் பறக்கின்றன.

தடை போட்டதை நான் குறை சொல்லவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. பெரியம்மை, காலரா பயத்தில், தளத்து டிக்கெட்டில் (அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கும் மலிவு டிக்கெட்டில்) போனவர்களைச் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் இறக்கிவிட்டு, நாள் கணக்கில் வைத்திருந்துதான் ஊருக்குள் விடுவார்கள். ஆத்தாவும் அவருடைய அம்மாவும் அப்படித் தீவில் இருந்துவிட்டுப் போனவர்கள்தான். உயிர் பெரிது. தடையால் வரும் நட்டத்தை யார் சுமப்பது என்பதுதான் என் கேள்வி.

விமானப் பணம் எனக்குத் திரும்பி வந்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ம் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது: ஊரடங்கால் ரத்தான டிக்கெட்டுக்குப் பணம் தர வேண்டும், உடனே தர முடியாத நிறுவனம் அதைப் பின்னால் டிக்கெட் எடுக்கப் பயன்படும் வரவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் 2021 மார்ச் 31-க்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகத் திருப்ப வேண்டும். தாமதத்துக்கு ஈடாக மாதம் அரை சதவீதம், பிறகு முக்கால் சதவீதம் என்று அந்த வரவின் மதிப்பும் கூட வேண்டும். 58,400 ரூபாயும் 2021 ஏப்ரலில் கணக்கில் ஏறியது.

கப்பல் பணத்துக்கு வந்தது ஒரு தாள். 'வருங்காலப் பயண வரவு' என்று பெயர். பணத்துக்குப் பதில், பின்னால் போகும் பயணத்தில் கழித்துக்கொள்ளும் சீட்டு. காரைக்குடியில் கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்துப் படித்தேன். நாலு பக்கம், பொடி எழுத்து, முழுக்க இங்கிலீஷ். 2021 டிசம்பருக்குள் பயணம் செய்ய வேண்டும், பணமாகத் தரமாட்டோம், பிறருக்கு மாற்ற முடியாது, கட்டணம் கூடினால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கப்பலே ஓடாத வருஷத்தில் இப்படி ஒரு கெடு! கேட்டுக் கேட்டு அதை 2022 மார்ச் 31 வரை நீட்டினார்கள். சென்னையில் உள்ள ஏஜென்சியைக் கேட்டால் கப்பல் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினால் நீங்கள் பதிவு செய்தது ஏஜென்சியில்தானே என்று பதில் வருகிறது.

எங்கள் பக்கத்து வணிகர்கள் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் உண்டியல் சீட்டு வழக்கம் தங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தரிசன உண்டியல் என்றால் காட்டிய உடனே பணம் தர வேண்டும். தவணை உண்டியல் என்றால் குறித்த நாள் வந்ததும் தர வேண்டும். ஐயா காலத்துப் பேரேடுகளை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். நாள் வந்ததும் பணமாகிற உண்டியல்தான் அதில் இருக்கிறது. நாள் வந்ததும் செல்லாமல் போகிற உண்டியலை நான் கேள்விப்பட்டதே இல்லை. என் கையில் இப்போது இருப்பது அதுதான். ரொக்கம் வாங்கியது அவர்கள், பயணத்தை ரத்து செய்தது அவர்கள், கெடு மட்டும் எனக்கு.

கம்பெனிகளும் நொடிந்துதான் போயிருக்கின்றன, தெரியும். 2022 ஜனவரியில்தான் கெண்டிங் ஹாங்காங் என்ற பெரிய கப்பல் குழுமம் பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டது. என் பணம் அவர்களிடம் இல்லை. ஆனால் அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனியே இல்லாமல் போனால் இந்த வரவுத் தாளை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? எங்களுக்குப் பதிவு செய்து கொடுத்த காரைக்குடித் தம்பியையும் நான் திட்டமாட்டேன். அவர் கடையை 2020 ஆகஸ்டிலேயே மூடிவிட்டு, இப்போது ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். "ஆச்சி, என் கமிஷனைக்கூடத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க" என்று சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது சென்னையிலிருந்து வாரத்துக்கு இரண்டு போன். "மார்ச் முடியறதுக்குள்ள புக் பண்ணிடுங்கம்மா, இல்லேன்னா லேப்ஸ் ஆயிடும்." புதிய கட்டணத்தில் இன்னும் 96,000 ரூபாய் சேர்க்க வேண்டுமாம். அதோடு, 2020 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 5 சதவீத வரியை (2022 நிலவரம்) முன்கூட்டியே பிடிக்கிறார்கள், அதுவும் தனி. சரி, எந்தெந்த ஊருக்குப் போகும் என்று கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, கடலில் சுற்றிவிட்டு, எங்கும் நிற்காமல் சிங்கப்பூருக்கே திரும்புமாம். 2020 நவம்பரிலிருந்து அங்கே ஓடுவது இந்த மாதிரிக் கப்பல்கள்தான். மலேசியத் துறைமுகங்கள் எப்போது திறக்கும் என்று கேட்டேன். "திறந்துடும்மா" என்றார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்றால் போனை வைத்துவிடுகிறார்கள்.

2021 டிசம்பரில் நான் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். கோவாக்சின் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் நவம்பர் 3-ம் தேதி ஏற்றுக்கொண்டது. ஆத்தாவும் நானும் போட்டிருப்பது அதுதான். நவம்பர் 29-ம் தேதி சிங்கப்பூர் இந்தியாவுக்கு விடிஎல் வழியை, தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படாமல் போகும் விமான வழியை, திறந்தது. நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். டிசம்பர் 22-ம் தேதி அந்த விமானங்களுக்குப் புது டிக்கெட் விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஒமைக்ரான். ஜனவரி 3-ம் தேதி, மும்பையிலிருந்து கோவா போன கப்பலில் 66 பேருக்குத் தொற்று என்று செய்தி. ஜனவரி 11 முதல் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் 7 நாள் வீட்டிலேயே ஒதுங்கி இருக்க வேண்டும் என்றது மத்திய அரசு. பிப்ரவரி 14 முதல் அது போய், 14 நாள் நம்மை நாமே கவனித்துக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. நவம்பர் 29-லிருந்து பிப்ரவரி 14 வரை 77 நாள். அதற்குள் நாலு தடவை விதி மாறியிருக்கிறது. கப்பலுக்கோ 90 நாளுக்கு முன்னால் முழுப் பணமும் கட்ட வேண்டும். இந்தக் கணக்கை எந்தப் பிள்ளையிடம் கொடுத்தாலும் விடை வராது.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் ஊர் தொடாமல் சுற்றி வந்த கப்பல் ஒன்றில் 83 வயதுக்காரர் ஒருவருக்குப் பரிசோதனையில் தொற்று என்று வந்தது. கப்பலைப் பாதியில் திருப்பி, பயணிகள் அத்தனை பேரையும் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். கரையில் மறுபடி பரிசோதித்தால் அவருக்குத் தொற்றே இல்லை. அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்! ஆத்தாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். திரும்பி வரும்போது அவருக்கோ எனக்கோ பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், அந்நிய ஊரில் ஓட்டல் வாடகையை யார் தருவது, புது விமான டிக்கெட்டை யார் எடுப்பது? எங்கள் காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு. அரசாங்க உத்தரவால் பயணம் ரத்தானால் ஒன்றும் கிடையாது என்று பாலிசியின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். விமான டிக்கெட்டுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன நியாயத்தைக் கப்பல் பயணத்துக்கும் சுற்றுலாத் தொகுப்புக்கும் பொருந்தும்படி மத்திய அரசு விதியாக்க வேண்டும். பயணத்தை நடத்த முடியாதவர் குறித்த காலத்தில் பணத்தைத் திருப்ப வேண்டும்; வரவுத் தாள் வேண்டுமா, ரொக்கம் வேண்டுமா என்று முடிவு செய்கிற உரிமை பயணிக்கு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பணம் வாங்குகிறவர்கள், எந்தத் துறைமுகம் மூடினால் என்ன, எத்தனை நாளுக்கு முன் ரத்தானால் எவ்வளவு என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். விளம்பரம் தமிழில் போடத் தெரிகிறதே, நிபந்தனையையும் தமிழில் போடட்டும். தங்கள் நாளிதழும் அந்த விளம்பரங்களை வாங்கும்போது இதைக் கேட்கலாம் என்று பணிவோடு சொல்கிறேன்.

என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். வக்கீலாக இருக்கும் என் தம்பி மகன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புது நுகர்வோர் சட்டப்படி, பணம் வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். நாங்கள் சென்னைக்கு அலைய வேண்டாம், சிவகங்கை போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டுமே, கெடு தாண்டிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது.

புதிதாக ஒரு ரூபாய்கூடக் கட்டுவதாக இல்லை என்று ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டேன். பயண வழியில் பினாங்கு என்று எழுதி வரட்டும், பிறகு பார்க்கலாம். ஆத்தாவிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் தயங்கினேன். போன வெள்ளிக்கிழமை வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவரே கேட்டார்: "ஏன்த்தா, அந்தக் கப்பல் பினாங்குல நிக்குமா, நிக்காதா?" நிற்காது என்றேன். "அப்ப அது எதுக்கு?" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "காசை வாங்கிப்புடு. தொறந்ததும் போவோம்" என்றார்.

மார்ச் 1-ம் தேதி சிவராத்திரி. மறுநாள் புதன்கிழமை சிவகங்கைக்குப் போகிறேன். பணம் கட்டிய ரசீது, வரவுத் தாள், 41 மின்னஞ்சல்கள், பாஸ்போர்ட் நகல் எல்லாம் இரண்டிரண்டு பிரதி எடுத்துத் துணிப்பையில் வைத்தாகிவிட்டது. தானும் வருவதாக ஆத்தா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.