நாய் கடித்த முகத்துக்கு மனு எங்கே கொடுப்பது? மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கருத்தடை மையங்கள், மைக்ரோசிப், வளர்ப்பு நாய் உரிமம் எல்லாம் தங்கள் மேசையிலேயே இருக்கும் கோப்புகள். அவற்றை விளக்க நாங்கள் வரவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில் ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு நாய் வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு வந்தது. கடிபட்டவர் இழப்பீடு கேட்டு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

கேட்பது ஒன்றுதான். நாய்க்கடி இழப்பீட்டு மனுக்களை வாங்கி விசாரிக்கச் சென்னைக்கு ஒரு குழு வேண்டும். மனுவுக்குக் கட்டணம் கூடாது, நான்கு மாதத்தில் முடிவு வேண்டும், முகக் காயத்துக்குத் தனி அளவுகோல் வேண்டும்.

முகத்தை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்றால், நாயின் வாய் இருக்கும் உயரத்தில்தான் சின்னக் குழந்தையின் முகம் இருக்கிறது. முகத்தில் ஆழமாகப் பட்ட கடி மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகக் கடுமையான வகை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். 0, 3, 7, 28-ஆம் நாள்களில் தோலுக்குள் வெறிநோய்த் தடுப்பூசி. இதோடு காயத்துக்கு உள்ளேயும் சுற்றியும் வைரஸை உடனே தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி இறங்க வேண்டும். மூளை பக்கத்தில் என்பதால் நாள் கடத்த முடியாது. அந்த ஊசி போட்ட பிறகே தையல். இதுவரை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடந்துவிடும். குடும்பத்தை உலுக்கும் செலவு தையல் பிரித்த பிறகுதான் தொடங்குகிறது.

உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால்கூட எதிரில் பேசுகிறவர் கண்ணில் படும். கீழ் இமையின் மூக்கோரம் கிழிந்து கண்ணீர்க் குழாய் அறுந்தால், உடனே சேர்த்துத் தைக்காவிட்டால், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். கன்னத்தில் பல் ஆழமாக இறங்கி முகநரம்பு அறுந்தால், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். மூக்கு நுனியைக் கடித்து எடுத்துவிட்டால் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து ஒட்ட வேண்டிவரும். தழும்பு முற்ற ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை சிலிகான் ஜெல், சன்ஸ்கிரீன், தினமும் மசாஜ், ஒவ்வொரு ஓ.பி. நாளுக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு நாள் கூலி போகும். தழும்பைத் திருத்தும் அறுவை இதற்கெல்லாம் பிறகு. குழந்தை வளரும்போது தழும்பும் இழுபடுவதால் ஒரு அறுவையோடு முடியும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்வதில்லை.

இனி காகிதம். வழக்கின் உயிர் முதல் நாள் மருத்துவமனையில் எழுதும் ஏ.ஆர். காப்பியில்தான், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில்தான் இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஒரே வரி: ‘அடையாளம் தெரியாத நாய் கடித்ததாகக் கூறப்படுகிறது, முகத்தில் காயம்.’ இடது கன்னமா வலது கன்னமா, எத்தனை சென்டிமீட்டர், எத்தனை பல் தடம், சதை கிழிந்ததா அல்லது பிய்ந்தே போய்விட்டதா, எதுவும் இருக்காது. கூட்டம் நிற்கும் காஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டோம். இதையெல்லாம் எழுத அவர் கையில் ஒரு படிவம் இல்லை. தைத்து முடித்தால் பல் தடம் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து எந்த நிபுணர் வந்தாலும் அதை எண்ண முடியாது.

இதைவிடப் பெரிய இழப்பு காயச் சான்றிதழில் நேர்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு கொடுங்காயங்களின் வரிசையில் ஆறாவதாக ‘தலை அல்லது முகத்தின் நிரந்தரச் சிதைவு’ என்று சொல்கிறது. நிரந்தரமா என்பது ஒரு வருடம் போனால்தான் தெரியும். சான்றிதழோ முதல் சில நாள்களிலேயே ‘சாதாரணக் காயம்’ என்று காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. கொடுங்காயம் என்றிருந்தால் வளர்ப்பு நாயின் உரிமையாளர்மீது, அசட்டையால் கொடுங்காயம் விளைவித்ததற்கான 125(பி) பிரிவைக் கேட்கலாம். மூன்று ஆண்டு வரை சிறை. இல்லாவிட்டால் வழக்கு, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கான 291-ஆம் பிரிவோடு நின்றுவிடும்: அதிகபட்சம் ஆறு மாதம், அபராதம் என்றால் ஐயாயிரம் ரூபாய் வரை. அந்த ஐயாயிரமும் தானாகக் கடிபட்டவர் கைக்கு வருவதில்லை. சில சமயம் வழக்கே பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு எல்லாமே முடிந்துபோகிறது.

தெருநாய் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தான். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சியின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. சிவில் கோர்ட்டுக்குப் போனால் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்டணம். பத்து லட்சம் கேட்க முப்பதாயிரம் முதலில் கட்ட வேண்டும். அரசையும் சேர்த்தால் வழக்குக்கு முன் இரண்டு மாத நோட்டீஸ். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், எந்த நாய், யாருடைய நாய் என்று உண்மைத் தகராறு கிளம்பும். சிவில் கோர்ட்டுக்கே போகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். அதே உதடு லாரி மோதிக் கிழிந்திருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வலிக்கு ஒரு தலைப்பு, எதிர்காலச் சிகிச்சைக்கு ஒரு தலைப்பு, திருமண வாய்ப்பு இழப்புக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள். நாய் கடித்த உதட்டுக்கு ஒரு தலைப்பும் இல்லை.

இது முடியாத காரியம் அல்ல. கேரளத்தில் நாய்க்கடி மனுக்களை விசாரித்துத் தொகையைப் பரிந்துரைக்க நீதிபதி சிரிஜகன் குழுவை உச்ச நீதிமன்றம் 2016-இல் அமைத்தது. பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் கணக்கே போட்டுக் கொடுத்தது: ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ.க்குக் குறைந்தது 20,000 ரூபாய், மனு கொடுத்த நான்கு மாதத்துக்குள் முடிவு. நல்ல தொடக்கம். ஆனால் கெண்டைக்காலில் 0.2 செ.மீ.யும் கண்ணிமையில் 0.2 செ.மீ.யும் ஒன்றல்ல. அதனால்தான் முகத்துக்குத் தனி அளவுகோல் கேட்கிறோம்.

இந்த மாநிலத்தில் தெருநாய் கடித்து இறந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் இழப்பீடு என்று 2025-இல் அரசு அறிவித்தது. விவசாயிக்கு அது நியாயமாகச் சேர வேண்டியது. ஆட்டுக்கு விலை போடத் தெரிந்த அரசுக்கு ஒரு குழந்தையின் முகத்துக்கு ஒரு படிவம் அச்சடிக்கத் தெரியவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆசிட் வீச்சால் சிதைந்தவர்களுக்கு இடமுண்டு, நாய் கடித்துச் சிதைந்தவர்களுக்கு இல்லை. மதிப்பெண் குறையாமல் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ‘பாதிப்பு இல்லை’ என்றுதான் எல்லா மேசையிலும் எழுதுகிறார்கள். அவள் குரூப் போட்டோவில் பின் வரிசைக்குப் போய் நிற்பதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே வருகிறோம். குழுவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர், மாநகராட்சிக் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தால் போதும். தொகையை இரண்டு தவணையாகத் தர வேண்டும்: சிகிச்சைச் செலவுக்கு உடனே ஒன்று, தழும்பு முற்றியபின் மறுபடி பார்த்து இன்னொன்று. முதல் மாதத்திலேயே மொத்தமாக முடித்துக் கையெழுத்து வாங்கினால், பின்னால் வரும் அறுவைச் செலவு குடும்பத்தின் தலையில் விழும். ஆதாரம் திரட்டும் சுமையையும் கடிபட்டவர்மீது போடாதீர்கள். அந்தத் தெருவிலிருந்து மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு இதற்குமுன் எத்தனை புகார் வந்தது, அங்கே எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது, வளர்ப்பு நாயின் சிப்பில் யார் பெயர் இருக்கிறது, எல்லாம் தங்கள் அலுவலகப் பதிவுகள். ஆர்.டி.ஐ. போட்டு 30 நாள் காத்திருந்து தங்களிடமிருந்தே வாங்கித் தங்களிடமே கொடுக்க வேண்டுமா?

நாய்களுக்குச் சோறு வைப்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை; அவர்களும்தான் கடிபடுகிறார்கள்.

குழு அமைப்பதை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தீர்மானம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. மக்கள் நல்வாழ்வுத் துறையோடு பேசி, ஒவ்வொரு காஷுவாலிட்டிக்கும் ஒரு பக்கப் படிவம் அனுப்புங்கள். முகத்தின் முன்புறம், இடப்புறம், வலப்புறம் என்று மூன்று கோட்டுப்படம். டாக்டர் பேனாவால் பல் தடத்துக்குப் புள்ளியும் கிழிசலுக்குக் கோடும் போட்டு நீளத்தை எழுதினால் போதும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தைக்கும் முன் ஒரு போட்டோ. அதற்குக் கீழே ஒரு வரி: ‘நிரந்தரச் சிதைவா என்பது 12 மாதத்துக்குப் பிறகு மறுபரிசோதனையில் முடிவு செய்யப்படும்.’

இப்படிக்கு,
நாய்க்கடி வழக்குகளுக்கு மனு எழுதித் தரும் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும்,
சென்னை