செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

இறையியல் படிக்கும் பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கைகொடுக்கும் நம் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. ஆண்டு விழா களியக்காவிளையில் நடந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் பழைய இறையியல் புத்தகங்கள் திரட்டினோம். மறைந்த மூத்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கு நாம் நடத்தும் படிப்பு வட்டம். செமினாரியில் இறையியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பரீட்சை எதற்கு என்று போன பொதுக்குழுவில் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிறுபான்மை மாணவர்களின் முனைவர் ஆய்வுக்கு மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் என்ற உதவித்தொகை இருந்தது. அதை நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களை எஸ்.சி. பட்டியலில் சேர்க்காததால், நம் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஜெனீவா அருகே பொசேயில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்தும் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் சபையின் ஒப்புதல் வேண்டும். சபைக் கமிட்டியோடு மனத்தாங்கல் உள்ள வீட்டுப் பிள்ளை அந்தக் கடிதத்துக்கு எத்தனை நாள் நடக்கும்? நெட் தேர்வுக்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. இதற்காகத்தான் அந்த வட்டத்தைத் தொடங்கினேன்.

பாடம் மத ஒப்பியல், குறியீட்டு எண் 62. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். வேதாகமம் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சமணம், பௌத்தம், சீக்கியம் என்று வரும்போதுதான் திணறினார்கள். ஒரு சனிக்கிழமை வட்டத்தின் எட்டுப் பேரையும் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாறையில் செதுக்கிய பார்சுவநாதர் முன்னால் உட்கார்ந்து, அவரைப் போன்ற சமணத் தீர்த்தங்கரர்களைப் பற்றி வாசித்தோம். பக்கத்து மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி இறங்கும் பிள்ளைகள். அதுவரை ஒருவர்கூட அந்த மலை ஏறியதில்லை.

மே மாதம் விண்ணப்பம் நிரப்பும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு தம்பிக்கு வயது 32. ஜே.ஆர்.எஃப்.புக்கு வரம்பு 30, ஓ.பி.சி. என்றால் ஐந்து ஆண்டு சலுகை. அவர் கையில் இருந்தது ஓ.பி.சி.யில் வசதி வரம்புக்குள் இருப்பவர் என்று வில்லேஜ் ஆபீஸ் கொடுத்த ‘நான்-கிரீமிலேயர்’ சான்றிதழ், அது மாநிலத் தேவைக்கு மட்டும். மத்திய அரசுக்கு தாசில்தார் கையெழுத்து வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் அலைந்து வாங்கினோம். ஜூன் 18 அன்று தேர்வு எழுதினார்கள். மறுநாளே தேர்வு ரத்து! அன்றிரவு நான்கு பேர், இனி வரமாட்டோம் என்று போனில் அழுதார்கள். விடவில்லை. ஆகஸ்டில் மறுதேர்வு தொடங்கும்வரை வாரம் இரண்டு நாள் வகுப்பு வைத்தேன். அந்தத் தம்பிக்கு ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. இந்தச் சங்கத்தில் நான் கண்ட பெரிய சந்தோஷம் அதுதான்.

வகுப்பெடுக்கிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் ஆறு பேர். வந்தவர்கள் இரண்டு பேர். மீதிச் சனிக்கிழமைகளில் நானும் என் பழைய நோட்டும்தான்.

அப்புறம் சந்தா. ஆண்டுக்கு 600 ரூபாய். 84 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 31 பேர். பாக்கி வைத்திருப்பவர்களில், விசா நேர்காணலுக்குச் சென்னை போக இந்தச் சங்கத்திடம் ரயில் செலவு வாங்கிப் போய், ஃபெலோஷிப்பில் படித்து, இன்று நல்ல நிலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் உயர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நவம்பரில் ஒரு பெண், வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆங்கிலத் தேர்வுக் கட்டணம் கேட்டு வந்தாள். கையிருப்பு பாதிக்குத்தான் இருந்தது. மீதியைப் புரட்டுவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. “சரி அண்ணா, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறாள். பெரிய ஃபெலோஷிப்பை நம்மால் கொடுக்க முடியாது. அதன் வாசல்வரை போகிற செலவைக் கொடுக்க முடியும். சங்கம் வைத்ததே அதற்குத்தான்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சிறு தொகை வங்கியில் உள்ளது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு விடப்படும்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஜெராக்ஸ் காசில் தள்ளுபடி தந்த கடைக்காரருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் செயலாளராக இருக்கச் சொல்கிறீர்கள். தனியாக இழுக்க என்னால் முடியாது. சனிக்கிழமை வகுப்புக்கு நான்கு பேராவது வருவதாக இங்கேயே எழுதித் தந்தால் இருக்கிறேன். அந்தப் பெண் இந்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிக்கிறாள். கட்டணத்தை அக்டோபருக்குள் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
பாறசாலை