நெடுந்தீவு இறங்குதுறையில நிண்ட அண்ணைக்கு

எங்கட போட்டோ கிளப் ஆக்களோட குதிரை படம் எடுக்க யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்குப் போனனாங்கள், படகு வெளிக்கிடுற குறிகட்டுவான் துறையில இருந்து ஒரு மணித்தியாலக் கடல், சோளகக் காத்து, அதுதான் தென்மேல் காத்து வேற, இறங்குற நேரம் பாத்து ஒரு அலை அடிச்சு என்ர கமரா லென்ஸ் எல்லாம் உப்புத்தண்ணி.

டிஷ்யூவால துடைக்கப் போன என்ர கையைப் பிடிச்சு "தம்பி நில்லுங்கோ, உப்புக் காய்ஞ்சா மண் மாதிரிக் கீறும், முதல்ல பட்டரியைக் கழட்டுங்கோ" எண்டு சொன்னது நீங்கள்தான் அண்ணை. ஆரும் கேக்கேல்ல. உங்கட குடிதண்ணிப் போத்தலைத் திறந்து, லேஞ்சியின்ர (கைக்குட்டையின்ர) நுனியை நனைச்சுப் பிழிஞ்சு, லென்ஸ் வளையத்தைச் சுத்திச் சுத்தி ஒத்தி எடுத்தனீங்கள். அங்க நல்ல தண்ணிக்குச் சனம் படுற பாடு தெரிஞ்சவைக்குத்தான் அந்தப் போத்தலின்ர பெறுமதி விளங்கும். பிறகு வெயில்ல வைக்கவும் விடேல்ல, உங்கட ஓட்டோ சீட்டில நிழலுக்க காயவிட்டு, குதிரையள் நிக்கிற வெளிக்கும் கொண்டுபோய் விட்டனீங்கள், காசு நீட்ட "படம் வந்தாக் காணும்" எண்டிட்டுப் போட்டியள், பேரும் சொல்லேல்ல.

படம் வந்தது அண்ணை, கிளப் போட்டியில ரெண்டாம் இடம் (முதலாவது வந்த, யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தில எடுத்த அந்திவானப் படத்தை விட எங்கட குதிரை திறம், அது வேற கதை). பெரிசா ஒரு பிரிண்ட் போட்டு வச்சிருக்கிறன். இதை வாசிக்கிற ஆக்களில இந்த அண்ணையைத் தெரிஞ்ச ஆரும் இருந்தா இதைக் காட்டிவிடுங்கோ, கொண்டுவந்து தாறன்.