இரண்டாவது தட்டுக்காக

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து இருபது நாள். வீட்டில் சத்தமாகப் பாட்டு வைக்கத் தடை. எனக்கு ஹெட்போன்தான் கதி.

ஹியூமன் லீக் என்ற ஆங்கிலப் பாப் குழுவின் 'டேர்' ஆல்பத்துக்கு 2012 இல் வந்த டீலக்ஸ் பதிப்பை ஒருவழியாக வாங்கிவிட்டேன். உன் மாமா பாரிஸிலிருந்து பாண்டிக்கு விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தாரே, அதே 1981 ஆல்பம்தான். அதை நீ எனக்கு அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுத்தாய். இசைத்தட்டின் இரு பக்கத்தையும் நிறுத்தாமல் பதிந்ததால் 'செகண்ட்ஸ்' பாட்டு முடிவதற்குள் கேசட்டின் முதல் பக்கத்து நாடா தீர்ந்துவிட்டது. அந்த மூளிப் பாட்டையே முப்பது வருடம் கேட்டேன். தானே புயலில் ஓடுகள் பறந்த இரவில் கேசட்டும் நனைந்து போயிற்று. இப்போது பாட்டு முழுசாக ஓடுகிறது, ஆனால் அந்த இடம் வந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட என் கை தானாக எழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைத் திருத்தியது, என்று அட்டையில் போட்டாலே மயங்கிவிடாதே. சில மறுபதிப்புகளில் மெல்லிய ஒலியையும் தூக்கி உரத்த ஒலிக்குச் சமமாக வைத்துவிடுகிறார்கள். மற்ற இசைக்கு எப்படியோ, மின்னணுக் கீபோர்டில் வாசிக்கிற சின்த்-பாப்புக்கு அது ஆகாது. லின் எல்எம்-1 என்ற டிரம் இயந்திரம் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் அந்தப் பாட்டுகளின் அழகு. அதை நிரப்பிவிட்டால் கல்யாண மண்டபத்து இரைச்சல்தான் மிச்சம். பழைய சிடி கிடைத்தால் அதையும் விடாமல் வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்.

நான் டீலக்ஸ் பதிப்பு வாங்குவதே இரண்டாவது தட்டுக்காகத்தான். இதில் 1983 இல் வந்த 'ஃபாசினேஷன்' பாட்டுகளும் நீண்ட வடிவங்களும் இருக்கின்றன. ஆனால் என் மனம் அதற்கு முந்தைய வருடத்து 'லவ் அண்ட் டான்ஸிங்' மேல்தான். தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் 'டேர்' பாட்டுகளின் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் செய்த ஆல்பம் அது. நாடா ஒட்டுவது எவ்வளவு தொல்லை என்று நமக்குத் தெரியாதா? அறுந்த ஒரே ஒரு கேசட்டை நெயில்பாலிஷ் வைத்து ஒட்டப் பார்த்து நாசமாக்கியவன் நீ.

டெபஷ் மோட் என்ற இன்னொரு சின்த்-பாப் குழுவின் 2006 மறுபதிப்புகளில் 5.1 ஒலிக்காகத் தனி டிவிடி உண்டு. ஐந்து ஸ்பீக்கர் வைக்க எங்கள் கூடத்தில் இடமேது? தொட்டில் வேறு தொங்குகிறது. சிடி பிளேயரின் தட்டும் உப்புக் காற்றில் துருவேறி, இரண்டு தட்டு தட்டினால்தான் வெளியே வருகிறது.

டிசம்பரில் வரும்போது ஒரு உதவி. அங்கே பழைய சிடி கடைகளில் பெட் ஷாப் பாய்ஸ் என்ற இருவர் குழுவின் 'ப்ளீஸ்' இருக்கிறதா என்று பார். 1986 ஆல்பம்தான், ஆனால் எனக்கு வேண்டியது 2001 இல் இரண்டு தட்டாக வந்த பதிப்பு. ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் அவர்கள் இருவரும் பேசுகிற சிறுபுத்தகம் உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்காதே. உடைந்த பெட்டி பரவாயில்லை, என்னிடம் காலிப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
முருகேசன்